காக்பிட் வியூ: சேவல் சண்டைக் குழியில பிறந்த சொல்லு, தமிழ்ல அதை எப்படிச் சொல்லலாம்?

ரேசிங் கேம்ல கேமரா மாத்துற பட்டனை அமுக்கிட்டே போனீங்கன்னா ஒரு இடத்துல ஸ்டீரிங், டேஷ்போர்டு, கிளவுஸ் போட்ட ரெண்டு கை, மேல ரியர்வியூ மிரர், முன்கண்ணாடிக்கு ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற தூண் எல்லாம் திரைக்குள்ள வந்து ரோட்டைப் பாதி மறைச்சிடும், அதுதான் காக்பிட் வியூ. காக்பிட் கேம்னும் சொல்றாங்க (இப்படி பார்வையோட பேருல வர்ற கேம், கேமராவோட சுருக்கம்), மெனுவுல இன்டீரியர் வியூன்னு போட்டிருக்கிற கேமும் உண்டு. கேமரா எங்க இருக்குன்னா, ஓட்டுறவர் சீட்ல உக்காந்தா அவர் கண்ணு எந்த உயரத்துல, கண்ணாடில இருந்து எவ்வளவு தள்ளி இருக்குமோ அங்க.

இதை மத்த கேமராவோட சேர்த்துக் குழப்பிக்கிறது நிறைய நடக்குது. காருக்குப் பின்னாடி கொஞ்சம் மேல நின்னு துரத்திட்டு வர்றது சேஸ் கேம். பானட், அதாவது இன்ஜினை மூடுற முன்மூடி மேல உக்கார வெச்சது பானட் கேம். தரையோட ஒட்டி காரோட ஒரு பாகமும் தெரியாம வெறும் ரோடு மட்டும் வந்தா பம்பர் கேம். ஃபார்முலா ஒன் கார்ல ஓட்டுறவர் தலைக்குப் பின்னாடி இருக்கிற காத்துத் துவாரத்துக்கு மேல ஒரு சின்ன கொம்பு மாதிரி நிக்குமே, டிவியில அதிகமா காட்டுறது அங்க இருந்து எடுத்த படம்தான், கேம்ல அது டிவி பாட் இல்லன்னா டி-கேம். பம்பர், பானட், காக்பிட் மூணையும் சேர்த்து ஃபர்ஸ்ட் பெர்சன், அதாவது ஓட்டுறவர் கண்ணு வழியா பார்க்கிறதுன்னு சொல்லிடுறாங்க, ஆனா பம்பர் இருக்கிற இடத்துல எந்த மனுஷனோட கண்ணும் இருக்காது. கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவுல காரோட உடம்பு இருந்தாதான் அது காக்பிட் வியூ. தமிழ்ல இதுக்கு என்ன சொல்லுன்னு தேடும்போது இந்த வித்தியாசம் கையை விட்டுப் போயிடக் கூடாது.

சொல்லு வந்த வழிக்கு வருவோம். காக்னா சேவல், பிட்னா குழி. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல சேவல் சண்டை விடுறதுக்காகத் தோண்டுன, சுத்தி ஜனங்க நெருக்கி நின்னு பார்க்குற வட்டக் குழிக்குத்தான் இந்தப் பேரு. இதுல பிட்ங்கிற பாதி லத்தீன் மொழியில கிணத்தைக் குறிக்கிற புடெயுஸ்ங்கிற சொல்லுல இருந்து வந்தது, ரேஸ்ல டயர் மாத்த வண்டி உள்ள வர்ற பிட் லேன்ல இருக்கிறதும் இதே பிட்தான்.

அங்க இருந்து சொல்லு கப்பல் ஏறுச்சு. பழைய போர்க்கப்பல்ல நீர்மட்டத்துக்குக் கீழ, வெளிச்சம் எட்டாத அடித்தளத்துல ஒரு இடுக்கான இடத்துக்கு காக்பிட்னு பேரு வந்துச்சு. இளநிலை அதிகாரிங்க தங்குறது அங்கதான், சண்டை நடக்கும்போது காயம்பட்டவங்களைக் கொண்டுபோய்க் கிடத்தி வைத்தியம் பார்க்கிறதும் அங்கதான். 1805 அக்டோபர் 21 அன்னிக்கு டிரஃபால்கர் சண்டையில குண்டடிபட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு உயிர் போனது விக்டரி கப்பலோட காக்பிட்லதான். இதுல ஸ்டீரிங்கும் இல்ல, ஓட்டுறவரும் இல்ல, இறுக்கமான பள்ளமான இடம்ங்கிற அர்த்தம் மட்டும்தான் கூட வந்திருக்கு.

ஓட்டுறவர் இந்தச் சொல்லுக்குள்ள வந்து சேர்ந்தது சின்னப் படகுலதான். பாய்மரப் படகுல பின்பக்கம் தளத்தைக் குடைஞ்ச மாதிரி ஒரு தாழ்வான திறந்த இடம் விட்டிருப்பாங்க, சுக்கான் பிடிக்கிறவர் அதுல உக்காந்து ஓட்டுவார், அதுக்கு இன்னைக்கும் பேரு காக்பிட்தான். விமானம் வந்த புதுசுல, முதல் உலகப்போர் சமயத்துல, விமானியும் அப்படித்தான் உடம்பு உள்ளயும் தலை வெளியிலயுமா ஒரு பொந்துல உக்காந்தார், அதனால படகுச் சொல்லு விமானத்துக்குப் பொருந்திப் போச்சு. 1930கள்ல ரேஸ் காருக்கும் அது வந்துடுச்சு, அந்தக் கார்லயும் ஓட்டுறவர் உக்கார்ற இடம் திறந்த பொந்துதானே. அப்புறம் விமானத்துல அந்தப் பொந்தை மூடி கண்ணாடி போட்டு பெரிய அறையாக்குனாங்க, பேரு மட்டும் மாறல. ஆக இந்தச் சொல்லோட கூடவே வந்த குணம் ரெண்டு, ஆளு இறங்கி உக்கார்ற பள்ளம், அந்தப் பள்ளத்தோட இறுக்கம். அறைங்கிறது ரொம்பப் பின்னாடி ஒட்டிக்கிட்ட அர்த்தம்.

கேமுக்குள்ள இது எப்படி வந்துச்சுன்னு பார்த்தா, 1976ல அட்டாரி விட்ட நைட் டிரைவர்ல ரோடுங்கிறதே இருட்டுல ரெண்டு பக்கமும் வந்துட்டுப் போற வெள்ளைக் கட்டைங்கதான், கீழ தெரியுற கார் திரையில வரைஞ்சது கிடையாது, பிளாஸ்டிக்ல பண்ணி வெச்சது. 1982ல நாம்கோவோட போல் பொசிஷன் காரைப் பின்னாடி இருந்து காட்டுச்சு, கடையில காசு போட்டு ஆடுற ஆர்கேட் கேம்னா இப்படித்தான்னு அது ஒரு வழி போட்டுக் கொடுத்துடுச்சு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல வேற மாதிரி போச்சு. 1984ல ஜெஃப் கிராமண்ட் பிபிசி மைக்ரோவுக்கு எழுதுன ரெவ்ஸ்ல நீங்க ஃபார்முலா 3 கார்க்குள்ள உக்காந்திருப்பீங்க, ஸ்டீரிங்கும் சக்கரமும் முன்னாடி தெரியும். 1987ல டெஸ்ட் டிரைவ் ஃபெராரிக்கு ஒரு டேஷ்போர்டு, போர்ஷேக்கு ஒரு டேஷ்போர்டுன்னு தனித்தனியா வரைஞ்சு காட்டுச்சு, எந்தக் கார்ல உக்காந்திருக்கோம்னு வெளிய பார்க்காமலே தெரிஞ்சுது. அப்போ மெமரி, பிராசசர் வேகம் எல்லாமே கொஞ்சம்தான், டேஷ்போர்டுங்கிறது அசையாத படம்ங்கிறதால ஒரு தடவை வரைஞ்சு வெச்சா போதும், ரோடு வரைய வேண்டிய இடமும் குறையும். ஆக அன்னைக்கு காக்பிட் வியூ வேலையைக் குறைச்சுது.

3டி வந்ததும் கணக்கு தலைகீழா மாறிடுச்சு. 1992ல சேகாவோட விர்ச்சுவா ரேசிங்ல நாலு பட்டன் வெச்சு ஓடிட்டிருக்கும்போதே நாலு பார்வையை மாத்திக்கலாம்னு கொடுத்தாங்க, இன்னைக்கு நாம அமுக்குற கேமரா பட்டனுக்கு அது ஒரு முன்னோடி. ஆனா காரோட உள்பக்கத்தை நிஜமா 3டியில செய்யணும்னா ஒவ்வொரு காருக்கும் சீட் தையல், மீட்டர், ஸ்விட்ச் வரைக்கும் போட்டோ எடுத்து மாடல் பண்ணணும். 1997ல வந்த முதல் கிரான் டூரிஸ்மோல காக்பிட் வியூவே கிடையாது, அந்த வரிசையில அது வந்தது 2007ல கிரான் டூரிஸ்மோ 5 புரோலாக்லதான். 2005ல பிராஜெக்ட் கோத்தம் ரேசிங் 3, 2009ல ஃபோர்ஸா 3ன்னு மத்தவங்களும் கொண்டுவந்தாங்க. 2010ல வந்த கிரான் டூரிஸ்மோ 5ல 1,000க்கு மேல கார் இருந்தும் சுமார் 200 கார்லதான் உள்பக்கம் முழுசா செஞ்சிருந்துச்சு, மத்த கார்களுக்கு அப்புறமா ஒரு அப்டேட்ல கருநிழலா ஒரு பொது உள்பக்கம் கொடுத்தாங்க. எத்தனை பெரிய வேலை இதுன்னு அந்த ஒரு எண்ணிக்கையே சொல்லிடுது.

2013ல கிரிட் 2 வந்தப்போ அதைச் செஞ்ச கோட்மாஸ்டர்ஸ் கம்பெனி காக்பிட் வியூவை எடுத்தே விட்டுட்டாங்க, 5 சதவீதம் பேர்தான் அதை உபயோகிக்கிறாங்கன்னு காரணம் சொன்னாங்க. எதிர்ப்பு பலமா வந்துச்சு, அடுத்த வருஷமே கிரிட் ஆட்டோஸ்போர்ட்ல திரும்பக் கொண்டுவந்தாங்க. அந்த 5 சதவீதம்தான் ஒரு கேமை வருஷக்கணக்கா விடாம ஓட்டுற ஆளுங்க, சதவீதத்தை மட்டும் பார்த்து அவங்களை ஒதுக்குனது தப்பான முடிவுன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன்.

காக்பிட் வியூ கஷ்டமா இருக்குன்னு விட்டுட்டுப் போறவங்க நிறைய பேர் உண்மையில விட்டுட்டுப் போறது தப்பா வெச்ச எஃப்ஓவியை, அதாவது பார்வைக் கோணத்தை. உங்க கண்ணுல இருந்து திரையோட இடது ஓரத்துக்கு ஒரு கோடு, வலது ஓரத்துக்கு ஒரு கோடு போட்டா நடுவுல வர்ற கோணம் எவ்வளவோ கேம் அவ்வளவு உலகத்தைத்தான் காட்டணும். 27 இன்ச் மானிட்டர் அகலம் சுமார் 60 செ.மீ., 60 செ.மீ. தள்ளி உக்காந்தா அந்தக் கோணம் 53 டிகிரி, 90 செ.மீ. தள்ளிப் போனா 37 டிகிரி. நிறைய கேம் குடுக்குற டீஃபால்ட் இதைவிட ரொம்ப அகலம், அதனால வேகம் அதிகமா தெரியும், ஆனா திருப்பம் எல்லாம் நிஜத்தைவிடத் தூரத்துல, சின்னதா தெரியும், எங்க பிரேக் பிடிக்கணும்னு கண்ணு சொல்றது தப்பாப் போயிடும். சில கேம் அகலக் கோணத்தைக் கேட்காது, மேல இருந்து கீழ வரைக்குமான நெட்டுக் கோணத்தைக் கேட்கும், அதே 27 இன்ச்ல 60 செ.மீ. தூரத்துக்கு அது 31 டிகிரிதான், இது தெரியாம 53ன்னு போட்டா எல்லாம் கெட்டுடும். கோணத்தைக் குறைச்சா பக்கத்துல வர்ற கார் தெரியாம போகும், உண்மைதான், அதுக்கு வழி கோணத்தை விரிக்கிறது இல்ல, திரையைக் கண்ணுக்குப் பக்கத்துல இழுத்து வைக்கிறது. மூணு மானிட்டர் வைக்கிறவங்க, தலை திரும்புறதைக் கண்டுபிடிக்கிற கருவி மாட்டுறவங்க, கண்ணை மூடுற மாதிரி தலையில மாட்டுற விஆர் திரை போடுறவங்க எல்லாரும் தீர்க்கப் பார்க்கிறது இந்த ஒரே சிக்கலைத்தான். விஆர்ல திருப்பத்தோட உள்மூலையைத் தேடி நீங்க பாட்டுக்குத் தலையைத் திருப்புவீங்க, சேஸ் கேம்ல அந்தப் பழக்கம் வரவே வராது.

இன்னொண்ணு, நிஜத்துல ஓட்டுறவருக்கு ரெண்டு கண்ணு. 2018ல ஃபார்முலா ஒன் கார்ல தலையைக் காப்பாத்த அதைச் சுத்தி வர்ற ஹேலோங்கிற வளையம் கட்டாயமாச்சு, அதோட நடுத்தூண் சரியா முகத்துக்கு நேரா நிக்குது, ஆனாலும் தூரத்தைப் பார்க்குற ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கமா அந்தத் தூணைத் தாண்டிப் பார்த்துடும், மூளை ரெண்டையும் சேர்த்து ரோட்டைக் காட்டிடும். கேம் கேமராவுக்கு ஒரே கண்ணு, சாதாரண மானிட்டர்ல தூண் தூணாவே நிக்கும். அதனாலதான் அந்த வருஷ எஃப்1 கேம்ல நடுத்தூணை மட்டும் மறைக்கிற வசதி கொடுத்தாங்க. அதே மாதிரி கையில நிஜ ஸ்டீரிங் வெச்சு ஓட்டுறவங்க திரையில தெரியுற ஸ்டீரிங்கை மறைச்சு வெச்சுக்குவாங்க, ஒரு கார்ல ரெண்டு ஸ்டீரிங் எதுக்கு.

இப்ப தமிழ்ச் சொல்லு. காக்பிட்டுக்கு விமானி அறைன்னு ஒரு நல்ல சொல்லு இருக்கு, விமானத்துக்கு அதுவே சரி. ஆனா அதை அப்படியே எடுத்து ரேசிங் கேம் மெனுவுல விமானி அறைக் காட்சின்னு போட்டா கார்க்குள்ள விமானி எங்க இருந்து வந்தார்னு ஆகிடும். ஓட்டுநர் அறைன்னா ரயில் இன்ஜினுக்கும் லாரிக்கும் பொருந்தும், ஃபார்முலா கார்ல அறைன்னு ஒண்ணு இல்லவே இல்ல. காட்சிங்கிறதும் எனக்கு ஒப்பல. காட்சி நம்ம முன்னாடி நடக்கிறது, பார்வைதான் ஒருத்தர் கண்ணுல இருந்து கிளம்புறது. இங்க பேச்சே கண்ணு எங்க இருக்குங்கிறதைப் பத்தித்தான், அதனால பார்வை.

தேர் ஓட்டுறவனுக்கு வலவன்னு ஒரு பழைய பேரு உண்டு, புறநானூறு 27ஆம் பாட்டுல ஓட்டுறவன் இல்லாமலே போற வான ஊர்தியை வலவன் ஏவா வான ஊர்தின்னே சொல்லியிருக்கு. தேர்ல ஆளு நிக்கிற இடத்துக்குத் தேர்த்தட்டு. வலவன் பார்வைன்னு வெச்சா கேக்க கம்பீரமா இருக்கும், ஆனா மெனுவுல அதைப் பார்க்குற பத்து வயசுப் பையனுக்கு விளங்கணுமே. வெறும் ஓட்டுநர் பார்வைன்னு வெச்சா விளங்கும், ஆனா பம்பர் கேமையும் அப்படியே கூப்பிட்டுடுவாங்க, மேல சொன்ன வித்தியாசம் போயிடும். அதனால என் தேர்வு ஓட்டுநர் இருக்கைப் பார்வை, சுருக்கமா இருக்கைப் பார்வை. கேமரா சீட்ல இருக்குன்னு சொல்லிடுது, ஆளு இறங்கி உக்கார்ற இடம்ங்கிற படகுக் காலத்து அர்த்தமும் உள்ள நிக்குது. எழுதும்போது இருக்கைக்கும் பார்வைக்கும் நடுவுல ப் வரும், ஓட்டுநர்ல மூணு சுழி ண, ரெண்டு சுழி ன எதுவும் வேணாம், பெறுநர், இயக்குநர் மாதிரி ந தான். இதோட சேர்த்து சேஸ் கேமுக்குப் பின்தொடர் பார்வை, பானட் கேமுக்கு முன்மூடிப் பார்வைன்னு வெச்சா ஒரு மெனு முழுக்கத் தமிழ்ல ஓடும். பேச்சுல காக்பிட்னு சொல்றதைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல, எழுதுற இடத்துல, முக்கியமா கேமைத் தமிழாக்கம் பண்றவங்க கையில, இந்தச் சொல்லு இருக்கணும்.

பைக் ரேசிங் கேமுக்கும் இது உதவும். பைக்குக்கு அறையும் கிடையாது, குழியும் கிடையாது, ஆனா சீட் உண்டு, அதனால ஹேண்டில்பாரும் மீட்டரும் முன்னாடி தெரியுற பார்வைக்கு இருக்கைப் பார்வைங்கிறது தயங்காம பொருந்தும். கண்ணைச் சுத்தி ஹெல்மெட்டோட உள்விளிம்பு தெரிஞ்சு, வண்டி சாயும்போது தலை மட்டும் அடிவானத்தோட நேரா நிக்கிற ஹெல்மெட் கேம் வேற, அதைத் தலைக்கவசப் பார்வைன்னு தனியா பிரிச்சு வெச்சுக்கலாம்.