ராசாத்தி இல்லாத நாலரை மணி

செம்பனை ஆலையில் வேலை முடிந்து வரும் என் அண்ணன் நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்துவார். சூடு ஆறுவதற்குள் எங்கள் பூனை ராசாத்தி சீட்டில் ஏறிப் படுத்துவிடும். 14 வயசுக் கிழவி. ஏற முடியாமல் போன கடைசி மாதத்தில் அண்ணனே தூக்கி வைப்பார். வீட்டில் இன்னும் மூன்று பூனைகள் உண்டு. அந்த நேரத்தில் அவை மோட்டார் பக்கமே வராது. சிறுநீரகம் கெட்டு ராசாத்தி செத்துப்போன மறுநாளும் அதே நாலரை மணிக்கு அதே சீட் சூடாகக் கிடந்தது. யாரும் ஏறவில்லை. ஐந்து நாள் அப்படியே காலியாக இருந்தது.

"பாத்தியா, அதுங்களுக்கும் மரியாதை தெரியுது" என்றார் அம்மா.

அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். லயத்தில் வளர்ந்தவருக்குப் பூனையைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. மரியாதை என்று அவர் சொன்னதையும் முழுசாக மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலி சீட்டில் கொஞ்சம் வேதியியலும் இருந்தது.

பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாகத் திரிந்து தனியாக வேட்டையாடும் பிராணி அது. மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கியதும், தானியத்துக்கு எலி வர, எலிக்காகப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்த செய்தி 2004-இல் வெளியானது. பரிணாமக் கணக்கில் 9,500 வருஷம் என்பது நேற்று மாதிரி. நாய் ஓநாய்க் கூட்டத்திலிருந்து வந்தது. சண்டை போட்டாலும் தலையைத் தாழ்த்தி, வாலை ஆட்டி, சமாதானம் பேச அதற்குத் தெரியும். பூனைக்கு அந்தக் கலை சரியாக வரவில்லை. முறைத்துக்கொண்ட இரண்டு பூனைகளுக்குத் தெரிந்த வைத்தியம் விலகிப் போவதுதான்.

அப்புறம் எப்படி மூன்று அறை தாமான் வீட்டில் நான்கு பூனைகள் காலம் தள்ளுகின்றன? வாசனையாலும் நேரக் கணக்காலும்.

பூனையின் கன்னம், தாடை, நெற்றி ஓரம், வாலடி, பாதம் எல்லாவற்றிலும் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. அது நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு ஒட்டிக்கொள்கிறது. பாட்ரிக் பாஜா என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் இந்த முகச் சுரப்பைப் பிரித்துப் பார்த்து ஐந்து கலவைகளை அடையாளம் கண்டார். மூன்றாவதைப் பூனை பொருள்களில் தேய்க்கிறது. நான்காவதைத் தனக்கு வேண்டிய பூனைமேலும் மனிதர்மேலும் தேய்க்கிறது. பூனையை அமைதிப்படுத்த என்று செருகியில் மாட்டும் புட்டி ஒன்றைக் கடையில் விற்கிறார்களே, அதில் இருப்பது அந்த மூன்றாவதைப் போலச் செயற்கையாகச் செய்தது.

இப்படி ஒன்றையொன்று உரசி உரசி, வீட்டுக்கென்று ஒரு கூட்டு வாசனை உருவாகிறது. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுப்பார்கள் அல்லவா, அது மாதிரிதான் இதுவும். பூசிய வாசனை ஆவியாகிக் குறைந்துகொண்டே போவதால் தினமும் பெயர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் முன்பே ஒருமுறை பார்த்தோம். ராசாத்திக்கு ஈப்போவில் இரண்டு நாள் மருந்துநீர் ஏற்றிக் கூட்டி வந்தபோது, கூடவே வளர்ந்த குட்டையன் அதைப் பார்த்துச் சீறியது. முகம் ராசாத்தியின் முகம்தான். ஆனால் அடித்த மணம் மருத்துவமனை மணம். பூனை ஊரில் அடையாள அட்டை என்பது வாசனைதான்.

நேரக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. ஒரே பாதையை, ஒரே இடத்தைப் பூனைகள் நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் பால் லேஹவுசன் சென்ற நூற்றாண்டிலேயே கவனித்து எழுதினார். காலையில் சன்னல் ஒருவருக்கு, மாலையில் வேறொருவருக்கு. யார் பெரியவர் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது; இடமும் நேரமும் மாறினால் பதிலும் மாறும். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் பிடித்துவிட்டது. "ஆமா, அவங்கவங்க நெரைய அவங்கவங்கதான் வெட்டணும்" என்றார். அடுத்தவர் நிரையில், அதாவது அவருக்கு ஒதுக்கிய மர வரிசையில், கத்தி வைத்தால் தோட்டத்தில் அன்றைக்குச் சண்டைதான்.

சீட் ஐந்து நாள் காலியாக இருந்ததற்கு இப்போது பதில் சொல்லலாம். ராசாத்தியின் வாசனை அதில் இருந்தது. 'இங்கே ஆள் உண்டு' என்ற பலகை இறங்கவில்லை. ஆறாம் நாள் குட்டையன் ஏறியது. உடனே படுக்கவில்லை. தையலோரமாக மூக்கை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, படிப்பது போல மெதுவாக முகர்ந்துகொண்டே போனது. ஓரிடத்தில் நின்று, மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, ஏதோ கெட்ட செய்தி கேட்டவன் மாதிரி அப்படியே நின்றது. முன்பல்லுக்குப் பின்னால், மேலண்ணத்தில் இரண்டு சிறு துளைகள் உண்டு. அவை ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகும் வழி. மூக்கு பிடிக்காத கனமான மூலக்கூறுகளை அந்த உறுப்பு பிடித்துப் படிக்கும். அரை நிமிஷம் கழித்துக் குட்டையன் கைப்பிடியில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் படுத்தது.

(குட்டையன் என்ற பெயர் வாலால் வந்தது. நம் ஊர்ப் பூனைகளுக்கு வால் குட்டையாகவோ முடிச்சுப் போட்ட மாதிரியோ இருந்தால், யாரோ கதவில் நசுக்கிவிட்டார்கள் என்பார்கள். பாவம், கதவுமேல் பழி. ஆசியப் பூனைகளில் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம்தான் காரணம்.)

அதற்கு அப்புறம்தான் சண்டை தொடங்கியது. மணியனும் குட்டையனும் ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர்கள் நண்பர்கள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். யோசித்துப் பார்த்தால் இருவரும் ஒட்டிப் படுத்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. ராசாத்தி மணியனை நக்கிவிடும், குட்டையனையும் நக்கிவிடும். ஒருவன் வாசனையை இன்னொருவனிடம் கொண்டு சேர்த்தது அந்தக் கிழவிதான். பாலம் போனதும் இரண்டு கரை மட்டும் மிஞ்சியது. பல பூனைகளை ஒன்றாக வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதை வைத்து நட்பு என்று முடிவுகட்டக் கூடாது. பசி அவற்றைச் சேர்த்திருக்கும். யார் யாரை நக்குகிறார்கள், யார் உடம்பில் யார் தலை வைத்துத் தூங்குகிறார்கள் என்று பாருங்கள். அதில் தெரியும் உண்மையான குடும்பம். நாங்கள் தட்டுகளை இரண்டு அறைக்குப் பிரித்தோம், மணல் தொட்டியைப் பூனைக் கணக்குக்கு ஒன்று கூடுதலாக வைத்தோம். முறைப்பு இருந்தது, நகம் வெளியே வருவது குறைந்தது.

சரி, பூனை துக்கப்படுமா? 2016-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய வளர்ப்பாளர்களிடம் கேட்டு வெளியான ஓர் ஆய்வில், துணையை இழந்த பூனைகளில் 43 விழுக்காடு முன்பைவிட அடிக்கடி கத்தின. இறந்த பிராணிக்குப் பிடித்த இடத்தைத் தேடிப் போவதும் பதிவானது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் மாற்றங்கள் அடங்கின. 2024-இல் அமெரிக்காவில் 400-க்கும் அதிகமான பூனைகளைப் பற்றி வந்த ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது: தூக்கம், சாப்பாடு, விளையாட்டு குறைகின்றன, ஒளிந்துகொள்வதும் தேடுவதும் கூடுகின்றன. ஆனால் ஒன்று. இரண்டிலும் பதில் சொன்னது பூனை அல்ல, அழுதுகொண்டிருந்த மனிதர். நம் துக்கத்தைப் பூனைமேல் ஏற்றிப் பார்க்கிறோமா, அல்லது நாம் நேரத்துக்குச் சோறு வைக்காமல், விளக்கைப் போடாமல் கிடப்பதைப் பார்த்துப் பூனை மாறுகிறதா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் இறந்தவரைப் பற்றிய ஏதோ ஒன்று அவற்றின் மனதில் இருக்கிறது என்று நம்ப எனக்கு இன்னொரு காரணம் உண்டு. ஜப்பானில் சாஹோ தகாகி குழுவினர் 2022-இல் வெளியிட்ட சோதனை அது. கூட வாழும் பூனையின் பெயரை ஒலிக்கவிட்டு, திரையில் வேறு பூனையின் முகத்தைக் காட்டினார்கள். வீட்டுப் பூனைகள் அந்தத் தவறான முகத்தை அதிக நேரம் பார்த்தன. பெயரைக் கேட்டதும் ஒரு முகத்தை எதிர்பார்த்திருக்கின்றன. இரண்டாம் வாரம் அம்மா பழக்கதோஷத்தில் "ராசாத்தீ, வா சோத்துக்கு" என்று கூப்பிட்டுவிட்டார். ராசாத்தியின் மகள் பொட்டு தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது. அம்மா கரண்டியோடு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

பொட்டுதான் எங்களைப் பயமுறுத்தியது. ஒன்றரை நாள் எதையும் தொடவில்லை. நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் எழுந்து வந்துவிடும். பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, அது ஆபத்து. சாப்பாடு நின்றதும் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவியும். தினமும் இறைச்சிப் புரதத்தை நம்பியே பழகிய அந்தக் கல்லீரலால் அவ்வளவு கொழுப்பை அனுப்பிவைக்க முடியாது. செல்களுக்குள்ளேயே தேங்கி, ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகும். துக்கம் தானாக ஆறட்டும் என்று விட்டால் கல்லீரல் காத்திருக்காது. முழுசாக ஒரு நாள் வாய் வைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். சுருண்டு கிடக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு; பூனைக்கு அது விஷம், கொல்லும். பொட்டுவுக்கு மருத்துவர் பசிக்கு மருந்து கொடுத்தார். நாங்கள் கெம்போங் மீனை அவித்து வெதுவெதுப்பாக வைத்தோம். சூட்டில் மணம் தூக்கலாக எழும். பூனைக்குப் பசி மூக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

ராசாத்தியின் சாக்குப் படுக்கையை மூன்று வாரம் துவைக்கவில்லை. வாசனை ஒரே நாளில் அறுந்துபோவதைவிட, மெல்ல மெல்லக் குறைவது மற்றவற்றுக்கு நல்லது. இறந்தது தொற்றுநோயால் என்றால் கதையே வேறு. பூனைப் பார்வோ வைரஸ் ஒரு வருஷம்கூட வீட்டில் உயிரோடு கிடக்கும்; அப்போது படுக்கையை அகற்றி, தரையை நீர்த்த குளோரெக்ஸ் (வெளுப்பு நீர்) போட்டுக் கழுவ வேண்டும், தடுப்பூசி போடாத குட்டியை உள்ளே விடவே கூடாது.

குட்டி என்றதும் நினைவு வருகிறது. ஒரு மாதம் ஆகியிருக்கும், பக்கத்து வீட்டு அக்கா மைலோ பெட்டியில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வீடு வெறிச்சினு கெடக்கேன்னு கொண்டாந்தேன்பா."

"இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்க்கா. இங்க இன்னும் கணக்கு முடியல."

அவர் குட்டியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு போனார். பெட்டியை எடுக்க மறந்துவிட்டார். நானும் எடுக்கவில்லை. நாலரை மணிக்கு அண்ணன் வந்தார், குட்டையன் சீட்டுக்குப் போனது, மணியன் செருப்பு அடுக்கின்மேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டு மட்டும் பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்து, தலையை உள்ளே விட்டு, மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்தபடி நின்றது.