மென்பவளத்துக்குச் சுண்ணாம்பு வைத்தியம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டு உப்புநீர் மீன்தொட்டிக்கு ஜீனியா என்ற மென்பவளத்தில், அதாவது கல்லாக உடம்பு கட்டாத பவளத்தில், ஒரு சின்னத் துண்டு வாங்கினாராம். எட்டுக் கையையும் விரித்து விரித்து மூடும் அழகில் மயங்கித்தான். இப்போது பாறை, பின்கண்ணாடி, பம்ப் மூடி, எங்கே பார்த்தாலும் அதுதான். "சவத்தப் பிச்சுப் போட்டா இன்னும்லா கூடுது, என்ன செய்ய?" என்கிறார்.

பிய்ப்பதுதான் வினை. பாறையில் கடுகளவு சதை ஒட்டியிருந்தாலும் ஜீனியா மறுபடி தளிர்க்கும். கையில் அகப்படாமல் மிதந்துபோகும் துணுக்கு, போய் ஒதுங்கிய இடத்தில் ஒட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். 'கென்யா மரம்' என்று கடையில் விற்கும் மென்பவளம் நாம் தொடாமலேயே கிளையை உதிர்த்து இதே வேலையைச் செய்யும். பச்சை நட்சத்திரப் பவளம் ஊதா நிறத்தில் பாய் விரித்துக்கொண்டே போகும்.

இத்தனை வேகம் எங்கிருந்து வருகிறது? உடம்புக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்குச் சோறு போடுகின்றன என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கையசைப்புக்கும் இதில் பங்குண்டு. 2013-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஜீனியா குடும்பத்துச் செங்கடல் பவளம் ஒன்றை அளந்து பார்த்துச் சொன்னது இது: ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் உடம்பைச் சுற்றித் தேங்கினால் ஒளிச்சேர்க்கையே மந்தமாகிவிடும், கையை அடித்து அடித்து அதை விரட்டிவிடுகிறது பவளம். இன்னொரு காரணம் சிக்கனம். கல் பவளம் கடல்நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டைப் பிரித்தெடுத்து வீடு கட்டிக்கொண்டேதான் வளர முடியும். மென்பவளத்துக்குச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு சுண்ணாம்புத் துகள்கள் இருந்தால் போதும். மிச்சச் சக்தி அத்தனையும் பரவுவதற்கு.

வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி மோதிரத்தில் இருக்கிறது. செவ்வாய் தோஷத்துக்கென்று விரலில் போடுகிறார்களே செம்பவளம், மத்தியதரைக் கடல்காரர், அதுவும் ஜீனியாவைப் போல எட்டுக் கை வம்சம்தான். ஆனால் கல்லாக உடம்பைக் கட்டுவதால் ஒரு வருஷத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காது. பத்திருபது வருஷம் வளர்ந்த பிராணியின் எலும்பை அறுத்து மாட்டிக்கொண்டால் ஒரு கிரகம் மனம் மாறும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

சரி, வாசகரின் தொட்டிக்கு வருவோம். சுண்ணாம்பைச் செலவழிக்காமல் பரவும் பிராணிக்குச் சுண்ணாம்புதான் மருந்து. கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இது எனக்கு மிகவும் பிடித்த வேதியியல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுட்டால், 900 டிகிரி வாக்கில் கால்சியம் கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்று போய்விடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறி, சூடாகி, பூத்து மாவாகும். அந்த மாவைத் துளி நீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் பாலிப்பின் (எட்டுக் கை விரிக்கும் ஒவ்வொரு குட்டிப் பிராணியின்) மேல் அப்பினால், ஒட்டிய இடத்தில் பி.எச்., அதாவது நீரின் காரத்தைக் காட்டும் எண், 12-ஐத் தாண்டும். கடல்நீர் 8.2. வித்தியாசம் நான்கு என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் பி.எச். கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆக காரம் தரும் ஹைட்ராக்சைடு அயனிகள் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு கூடுகின்றன. சதையின் கொழுப்பும் புரதமும் அங்கேயே சிதைகின்றன. பாலிப் சுருங்கி ஒடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதே நேரத்தில் சுண்ணாம்பைச் சுற்றிப் பால்போல ஒரு மேகம் எழும். பலரும் சுண்ணாம்புதான் கரைகிறது என்று நினைப்பார்கள். அதில் பெரும்பகுதி கடலின் சொந்த மக்னீசியம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் உண்டு. திடீரென்று கிடைத்த ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு அது வெள்ளைத் திப்பியாகப் படிகிறது. பம்பை ஓடவிட்டு பி.எச். இறங்கியதும் அந்தத் திப்பி மறுபடி கரைந்து காணாமல் போகும். பாறையில் மிஞ்சிய சுண்ணாம்போ நீரிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி வாங்கி இறுகி, பழையபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. காளவாயில் தொலைத்ததைத் தொட்டியில் மீட்டுக்கொள்கிறது கிளிஞ்சல். சில வாரங்களில் அந்த வெள்ளைத் தழும்பின் மேல் இளஞ்சிவப்புப் பவளப்பாசி படர்ந்தாலும் படரும்.

இந்த வேதியியலுக்கு நம் கரையில் கசப்பான முகமும் உண்டு. தூத்துக்குடி பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே, மன்னார் வளைகுடாவின் கல் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் அனுப்பினார்கள். அரண் போனதும் அலை தின்று, விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போனது. 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூடத் தொட்டிக்கு எடுத்துவரக் கூடாது. வெட்டியபோது புரண்ட பணத்தில் பத்தில் ஒரு பங்காவது, இன்று அங்கே பவளம் நட்டு வளர்க்கும் தூத்துக்குடி ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

செய்முறையில் சில எச்சரிக்கைகள். முதலில் பாறையை வெளியே எடுத்து பிளேடால் சுரண்டுங்கள், மிஞ்சிய அடித்தண்டுக்கு மட்டும் சுண்ணாம்பு. ஒரே நாளில் தொட்டி முழுக்க அப்பினால் பி.எச். ஏறி மீன் செத்துவிடும். நாளுக்கு நாலைந்து இடம் போதும், 8.5-ஐ நெருங்கினால் நிறுத்துங்கள். வெற்றிலைக் கடையின் வாசனைச் சுண்ணாம்போ, வெள்ளையடிக்கும் நீலம் கலந்த சுண்ணாம்போ வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெந்நீர் ஊற்றிக் கொல்லலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாறையில் ஜோஆந்திட் (பவளத்துக்கு உறவான, பொத்தான்போல் கூட்டமாக வளரும் பிராணி) இருந்தால் அதில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற நஞ்சு ஆவியோடு கிளம்பலாம். மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

அறுபட்ட மென்பவளம் டெர்பீன் வகை நஞ்சுகளை நீரில் விடும், அக்கம்பக்கத்துப் பவளங்கள் வாடும். அதற்குத் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை, ஒரு வாரம். தீனியைக் குறைத்து நைட்ரேட்டை இறக்கினால் பரவும் வேகமும் குறையும்.

சுரண்டியதை உவரியிலோ திருச்செந்தூரிலோ கடலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வெனிசுவேலாவின் மோச்சிமா கடற்பூங்காவில் ஜீனியா குடும்பத்து மென்பவளம் ஒன்று, தொட்டி வியாபாரம் வழியாக வந்தது என்கிறார்கள், கல் பவளங்களை மூடிக்கொண்டு பரவிக் கிடக்கிறது. மொட்டைமாடியில் காகிதத்தில் பரப்புங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் சருகாகிவிடும், அப்புறம் குப்பைக்கு.

அந்தக் கையசைப்பைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால் ஒரே ஒரு பாறையில் விட்டுவையுங்கள். சுற்றிலும் ஒரு சாண் வெறும் மணல் இருக்கட்டும், மணலில் அது எளிதில் ஊர்ந்து கடக்காது. பம்பின் வாயில் மட்டும் ஒரு வலைத்துண்டைக் கட்டிவிடுங்கள்.