ஐஸ் போடுவதற்கு முன்பே கெட்டுப்போகும் சூரை

மீன் கெட்டுப்போவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், துறைமுகத்தில் எல்லோரும் ஐஸைத்தான் குறை சொல்கிறார்கள். ஐஸ் போதவில்லை, தாமதமாக வந்தது, பாதி வழியிலேயே உருகிவிட்டது. இவை யாவும் உண்மைக் காரணங்களே. ஆனால் மீன் பதனத் துறையில் வேலை செய்கிற எனக்கு, பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்த வேண்டியிருப்பது வேறொன்று. தூண்டிலில் மாட்டியதிலிருந்து உயிர் போகும் வரை மீன் எவ்வளவு பாடுபட்டது என்பதிலேயே அதன் தரத்தில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அப்போது இழந்ததை எத்தனை பெட்டி ஐஸ் போட்டாலும் மீட்க முடியாது.

இதை நன்றாகக் காட்டிக் கொடுக்கும் மீன் சூரை, அதாவது டூனா. ஏற்றுமதிக்கு வாங்கும் இடத்தில் தரம் பார்ப்பவர், மெல்லிய குழாய் போன்ற கருவியை மீனின் உடலில் செருகி ஒரு சிறு துண்டு சதையை எடுப்பார். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நல்ல மஞ்சள்துடுப்புச் சூரை என்றால் சதை சிவந்து, ஊடுருவிப் பார்க்கலாம் என்னும்படி பளபளப்பாக, சற்றே பசையுடன் இருக்கும். சில மீன்களில் அதே சதை வெளிறி, மங்கி, நீர் விட்டு, வேகவைத்ததைப் போல இருக்கும். வாயில் வைத்தால் லேசாகப் புளிக்கும். ஜப்பானியர் இதை ‘யாகே’, அதாவது வெந்துபோன சதை என்கிறார்கள். வெளியே பார்த்தால் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கும் மீனிலும் இது இருக்கலாம். பச்சையாக உண்ணும் சந்தைக்குப் போயிருக்க வேண்டிய அந்த மீன், தகர டப்பாவில் அடைக்கும் விலைக்கு இறங்கிவிடும்.

சூரை ஓயாமல் நீந்துகிற மீன். தசையில் உண்டாகும் வெப்பத்தை வெளியே விடாமல் தேக்கிவைக்கும் இரத்தக்குழாய் அமைப்பு அதன் உடலில் இருக்கிறது. எனவே அதன் உடல் கடல்நீரை விடச் சூடாகவே இருக்கும். தூண்டிலில் சிக்கித் திமிறும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும். அதே நேரத்தில், தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. உயிரோடு விட்டால் இரத்த ஓட்டம் அந்த அமிலத்தை மெல்ல அகற்றிவிடும். களைத்த நிலையிலேயே செத்துவிட்டால் அமிலம் தசையிலேயே தங்கிவிடுகிறது. உயிருள்ள தசையில் ஏறத்தாழ 7 என்றிருந்த பி.ஹெச். அளவு 5.5 வரை இறங்கலாம்; இந்த அளவு இறங்க இறங்க அமிலத்தன்மை கூடும். சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்தச் சதையிலும் நடக்கிறது. புரதம் திரிந்து, பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது.

செத்த மீனின் உடல் விறைப்பதும் இதோடு சேர்ந்தது. தசை நெகிழ்ந்திருக்க ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். போராடிச் செத்த மீனில் அது முன்பே தீர்ந்திருப்பதால் விறைப்பு வேகமாகவும் கடுமையாகவும் வருகிறது. வளைந்தபடி விறைத்த மீனைப் பெட்டியில் அடக்குவதற்காகக் காலால் மிதித்து நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். சதை அடுக்குகள் கிழிந்து வாய் பிளப்பது அப்போதுதான். துண்டு போடும்போது சதை பிரிந்து வருகிறதே என்று வாங்கியவர் மீனின் வயதைப் பழிப்பார். அமைதியாகச் செத்த மீனில் விறைப்பு தாமதமாகத் தொடங்கி நெடுநேரம் நிற்கும். மீனுக்கு அதன் ருசியைத் தரும் ஐ.எம்.பி. என்னும் பொருளும் அதில் நீண்ட நேரம் நிலைத்திருக்கும்.

எந்த முறையில் பிடிக்கிறோம் என்பது இதனால்தான் முக்கியமாகிறது. லட்சத்தீவில் கம்பும் தூண்டிலும் கொண்டு வரிச்சூரை பிடிக்கிறார்கள். மீன் கடித்த சில நொடிகளில் படகில் விழுந்துவிடும். நீண்ட கயிற்றில் ஏராளமான கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் சிக்கிய மீன் பல மணி நேரம் கிடக்கும். ஆனாலும் பல மீன்கள் உயிரோடு மேலே வரும், அவற்றைக் காப்பாற்றலாம். செவுள் வலையில் மாட்டுவது மூச்சு முட்டிச் செத்துவிடுகிறது. மாலையில் விட்ட வலையை விடிகாலையில் இழுத்தால், அதற்குள் சில மீன்கள் 28, 29 டிகிரி நீரில் பல மணி நேரம் பிணமாகக் கிடந்திருக்கும். செத்த மீனில் இரத்தமும் சரியாக வடியாது. பாக் நீரிணையில் கடலடியை வாரி வரும் வலையான இழுவை மடியை விட்டுவிட்டு ஆழ்கடல் சூரைக்கு மாறச் சொல்லி அரசு 2017-இல் மானியம் தரத் தொடங்கியது. நல்ல முடிவு. ஆனால் இழுவை மடியில் வந்த மீனை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிப் பழகிய கைகளுக்கு, சூரையை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையாளும் பயிற்சியைப் படகோடு சேர்த்தே தந்திருக்க வேண்டும்.

உயிரோடு வரும் மீனை என்ன செய்வது? கொக்கி போட்டு ஏற்றுவதென்றால் தலையில் போட வேண்டும், முதுகில் போட்டால் சதையும் போயிற்று, கிருமிக்கும் வழி திறந்தாயிற்று. படகுத் தளத்தில் ஈரச் சாக்கோ ஃபோம் மெத்தையோ விரித்து அதன் மேல் கிடத்துங்கள், வெறும் பலகையில் அடித்துத் துள்ளவிடாதீர்கள். கண்ணை ஈரத்துணியால் மூடினால் துள்ளல் குறையும். பிறகு கண்களுக்கு நடுவே சற்று மேலே உள்ள மென்மையான இடத்தில் கூர்முனைக் கம்பியை இறக்கி மூளையைச் சிதைத்தால் மீன் ஒரு கணத்தில் அடங்கிவிடும். அந்தத் துளை வழியாகவே மெல்லிய கம்பியைத் தண்டுவடத்தில் செலுத்தினால், செத்த பிறகும் தசை துடித்துக்கொண்டிருப்பது நிற்கும். அடுத்து இரத்தம். பக்கத்துடுப்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை பின்னால், இருபுறமும் ஆழமில்லாமல் கீறி, கடல்நீரை ஓடவிட வேண்டும். செவுளையும் குடலையும் எடுத்து உள்ளே ஐஸ் நிரப்ப வேண்டும். கை பழகிவிட்டால் இதற்கெல்லாம் சில நிமிடங்கள் போதும்.

மீனுக்கு வலிக்குமா என்று வகுப்பில் கேட்பவர்கள் உண்டு. அறிவியலாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. வலிக்கும் என்று எண்ணி நடந்துகொள்வதே சரி என்பது என் கருத்து. மீனுக்கு நல்லது எதுவோ அதுவே மீனவரின் வருமானத்துக்கும் நல்லது என்பதால் இங்கே தயங்க வேண்டியதே இல்லை.

ஐஸுக்கு வருகிறேன். 10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க, கணக்குப்படி சுமார் 3 கிலோ ஐஸ் போதும். ஆனால் பெட்டியின் சுவர் வழியே வெப்பம் வரும், வெயில் உருக்கும், திறந்து மூடுவதிலும் வீணாகும். அதனால்தான் நம் வெப்பநிலைக்கு மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் என்கிறோம். இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்த குழம்பில் முதலில் அமிழ்த்தினால் எல்லாப் பக்கமும் குளிர் படும். 40 கிலோ சூரையின் நடுத்தசை அதிலும் பல மணி நேரம் கழித்தே குளிரும். சூடேறிய உடலோடு உள்ளே போனால் இன்னும் தாமதம்.

இந்தத் தாமதம் ருசியோடு நிற்பதில்லை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளாக்கிவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடல் அரித்து, தலைவலியும் வாந்தியும் வரும். எனக்கு மீன் ஒவ்வாது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு உண்மையில் நேர்ந்தது இதுதான். மீன் குழம்பு எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது, டப்பாவில் அடைத்தாலும் அழியாது. 28.3 டிகிரியைத் தாண்டிய நீரிலோ காற்றிலோ இருந்த மீனைச் செத்த 6 மணி நேரத்துக்குள் ஐஸில் வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். அந்தக் கடிகாரம் செத்த நேரத்திலிருந்து ஓடுகிறது, வலையை இழுத்த நேரத்திலிருந்து அல்ல. இரவு முழுவதும் வலை கிடந்த படகில், முதல் பெட்டியை மூடும் முன்பே அந்த நேரம் கடந்திருக்கலாம்.

மத்தி, நெத்திலி போன்ற சிறு மீனை ஒவ்வொன்றாகக் கவனிக்க யாராலும் முடியாது. வலையிலிருந்து நேராக ஐஸ் குழம்பில் விடுவதும், குவியலின் மேல் ஏறி நிற்காமல் இருப்பதும் போதும். இரை தின்ற வயிற்றோடு பிடிபட்ட மத்தியின் வயிறு மிதிபட்டால் விரைவில் வெடித்துவிடும்.

இவ்வளவும் செய்த மீனவர் கரைக்கு வந்தால் ஏலத்தில் என்ன நடக்கிறது? இரத்தம் வடித்த சூரையும் வலையில் செத்த சூரையும் ஒரே குவியலில் ஒரே விலைக்குப் போகின்றன. “பிறகு எதற்காக மெனக்கெட வேண்டும்?” என்று ஒருவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பயிற்சி தரும் துறை, வாங்கும் நிறுவனம், ஏலம் விடுபவர் மூவரும் சேர்ந்து, தூண்டிலில் பிடித்து இரத்தம் வடித்த மீனின் வாலில் ஒரு வண்ண அட்டை கட்டித் தனி வரிசையில் ஏலம் விடலாம். சதை மாதிரியைத் தொழிற்சாலையில் எடுப்பதற்குப் பதிலாக இறங்குதளத்திலேயே, மீனவரின் கண் முன்னால் எடுத்துக் காட்டலாம். எந்த மீனில் சதை வெளிறியது, அது எப்படிப் பிடிபட்டது என்று அவரே அங்கே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.