கண்ணில் பாயும் குழாய்

சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட தன் சித்தப்பாவுக்கு மூன்று வாரமாகக் கண் சிவப்பு போகவில்லை, மண் விழுந்தது போல உறுத்துகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கண் மருத்துவர் ‘ஒட்டுண்ணி’ என்றாராம். “பூச்சி வயிற்றில்தானே இருக்கும், கண்ணில் எப்படி?” என்று கேட்கிறார்.

கண்ணுக்கு வரும் ஒட்டுண்ணிகள் பல. டாக்சோபிளாஸ்மா விழித்திரையில் தழும்பை உண்டாக்கும். அகாந்தமீபா, கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களிடம் வந்து சேரும். நான் சொல்ல ஆசைப்படுவது மைக்ரோஸ்போரிடியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி பற்றி. இதில் ஓர் இனத்தை 1991-இல் எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள்; என்செபாலிட்டோசூன் ஹெல்லம் என்று பெயர்.

கருவிழியைச் சுரண்டி எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இடுப்பில் ஒரு கோடு கட்டிய அரிசி மணிகள் மாதிரி இதன் வித்துகள் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம். ஆனால் உள்ளே, தன்னைவிடப் பல மடங்கு நீளமான ஒரு குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறது. தூண்டல் கிடைத்ததும் வித்துக்குள் தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறுகிறது. பின்பக்கத்துப் பை ஒன்று ஊதிப் பெருக்கிறது. நுனி கிழிந்து குழாய் பீறிட்டுக் கிளம்புகிறது. அது ஈட்டி போல அப்படியே பாய்வதில்லை. சட்டையின் கையை உள்பக்கம் வெளியே வருமாறு உருவித் திருப்புவோமே, அப்படிப் புரண்டுகொண்டே நீள்கிறது. எல்லாம் இரண்டு நொடிக்குள். அப்புறம் உட்கரு உட்பட மொத்தச் சரக்கும் அந்த மயிரிழையைவிட மெல்லிய குழாய் வழியே பிதுங்கிப் பக்கத்துச் செல்லுக்குள் இறங்குகிறது. வெறும் ஓடு வெளியே கிடக்கும். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உள்ளே போனதும் சொந்தச் சமையல் கிடையாது. செல் தனக்கு எரிபொருளாகத் தயாரித்த ஏடிபியைத் திருடித் தின்றே பெருகும்.

எதிர்ப்புச் சக்தி திடமாக இருந்தால் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் இதை அடக்கிவிடும். மழைக்காலத்தில் ஆரோக்கியமானவர்களுக்கும் இது வருவது இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். எச்ஐவி தொற்றோ, மாற்று உறுப்புக்கான மாத்திரைகளோ அந்த டி செல்களை முடக்கிவிட்டால்தான் சிக்கல். இதில் கண்ணேறு, திருஷ்டி எதுவும் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான் உண்மையான திருஷ்டி: சிவப்பை மறைத்துவிட்டு, உள்ளே இருப்பதை வளரவிடும்.

1990களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணில் விட்டுப் பலன் கண்ட மருந்து ஃபூமஜிலின். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? தேனீ வளர்ப்பவர்களிடமிருந்து. தேனீயின் குடலைக் கெடுக்கும் நோசிமாவும் இதே குடும்பம்தான். பட்டுப்புழுவின் பெப்ரின் நோயும் அப்படியே. 1860களில் லூயி பாஸ்டர் ஆராய்ந்தது அதைத்தான். தேனீக்கு வயிற்றுப்போக்கு என்று யாராவது ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் நம் ஊர்க் குழுக்கள் சிரித்தே அனுப்பிவிடும் என்பது என் எண்ணம்.

சரி, வாசகியின் சித்தப்பாவுக்கு வருவோம். கண் மருத்துவர் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். ஹெல்லம் கண்ணோடு நிற்பதில்லை. அந்த அரிசி மணிகள் சிறுநீரிலும் வரும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற சீட்டையும் கையோடு எடுத்துப் போகட்டும்.