22-லிருந்து 9, டீ குடித்துவிட்டு வந்தால் 13: பேட்டரி சதவீதம் எப்படிக் கணக்காகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூரிலிருந்து சூளகிரிக்கு மின்சார ஸ்கூட்டரில் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேலுமலை ஏற்றம் தொடங்கும்போது 22 சதவீதம் காட்டியது. ஏறி முடிப்பதற்குள் 9-க்கு வந்துவிட்டது. பயந்துபோய் ஓரமாக நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 13. சார்ஜே போடாமல் எப்படி ஏறும்? வண்டி வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. அந்த இடம் சரியில்லை, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போ என்கிறார்கள் வீட்டில்."

எலுமிச்சம்பழம் வேண்டாம். அந்த இடத்தில் இருப்பது சரிவு மட்டும்தான். அந்த மூன்று எண்களுக்கும் கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தால் பேட்டரியின் வயதே தெரிந்துவிடும்.

பெட்ரோல் டேங்கில் மிதவை இருக்கிறது, மட்டத்தைக் காட்டிவிடும். பேட்டரிக்குள் மீதி எவ்வளவு என்று நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. உள்ளே லித்தியம் அயனிகள் கிராஃபைட்டிலிருந்து கிளம்பி மறுமுனைக்குப் போகின்றன, சார்ஜ் போட்டால் திரும்பி வருகின்றன. எத்தனை போயிருக்கின்றன என்பதை வெளியிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்கிற வேலையைச் செய்வது பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) என்று எல்லோரும் சொல்லும் மின்சுற்றுப் பலகை. அதன் கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுமே தனியாக நம்பத் தகுந்தவை அல்ல.

முதல் வழி எண்ணுவது. பலகையில் தடித்த கறுப்பு வயர் வந்து சேரும் இடத்தில் பளபளப்பான உலோகப் பட்டை ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் மாங்கனின் என்ற கலப்புலோகம், சூடானாலும் மின்தடை ஏறக்குறைய மாறாதது. அதன் தடை அரை மில்லியோம் என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே 30 மில்லிவோல்ட் தோன்றும். அதை நொடிக்குப் பலமுறை அளந்து கூட்டிக்கொண்டே போனால் எத்தனை ஆம்பியர்-மணி வெளியே போனது என்று தெரியும். 3 யூனிட் கொள்ளும் 52 வோல்ட் பேட்டரியில் சுமார் 58 ஆம்பியர்-மணி இருக்கும், அதிலிருந்து கழித்தால் மீதி.

சிக்கல் சிறு மின்னோட்டங்களில் இருக்கிறது. அளக்கும் சில்லு வெறும் 25 மைக்ரோவோல்ட் பிசகினால் 50 மில்லியாம்பியர் தப்பாகிவிடும். அற்பம் என்று தோன்றும். ஆனால் நாள் முழுக்கக் கூட்டினால் 1.2 ஆம்பியர்-மணி, அதாவது 2 சதவீதம். யாரும் திருத்தாவிட்டால் பத்து நாளில் 20 சதவீதம் பொய்யாகிவிடும். நிறுத்தி வைத்த வண்டியில் ஜிபிஎஸ்ஸும் சிம்மும் குடிக்கும் துளி மின்சாரமும் இந்த ஓட்டையில்தான் தொலைகிறது.

இரண்டாவது வழி வோல்டேஜ். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல் நிரம்பினால் 4.2 வோல்ட், தீரும்போது 3 வோல்ட். இடையில் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் ஒரு சதவீதம் உண்டு, அதை வரைந்தால் வருவது வோல்டேஜ் வளைவு. ஓய்வில் இருக்கும் செல்லில் இது அருமையாக வேலை செய்யும். ஓடும் வண்டியில் செய்யாது.

நமது மேலுமலைக் கணக்கு இதில்தான் அடங்கியிருக்கிறது. வண்டி 110 கிலோ, ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் சேர்த்து 130 கிலோ. சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 22 ஆம்பியர் போதும். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சரிவில் அதே வேகத்தில் ஏற 55 ஆம்பியர் வேண்டும். பேட்டரிக்குள் ஒரு மின்தடை இருக்கிறது. 14 செல் வரிசைக்குப் புதிதில் 60 மில்லியோம் என்றால், 55 ஆம்பியரில் 3.3 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். வருடங்கள் போகப் போக கிராஃபைட்டின் மேல் படலம் தடித்து அந்தத் தடை 110 ஆகியிருந்தால் விழுவது 6 வோல்ட். 20 சதவீதத்தில் ஓய்வில் 49 வோல்ட் இருக்கும் பேட்டரி, ஏற்றத்தில் 43 காட்டும். 42 வோல்ட்டில் பி.எம்.எஸ். வண்டியை நிறுத்திவிடும். பதினான்கில் ஒரு செல் மட்டும் நலிந்திருந்தால் அது இன்னும் முன்னதாகவே 3 வோல்ட்டைத் தொட்டுவிடும், அந்த ஒரு செல்லுக்காக மொத்த வண்டியும் நிற்கும்.

தடையால் விழும் வோல்ட், ஆக்ஸிலேட்டரை விட்ட அந்த நொடியே திரும்பிவிடும். டீ குடிக்கும் நேரத்தில் மெல்ல மெல்ல ஏறியது வேறு ஒன்று, எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி அதுதான். கிராஃபைட் என்பது 10, 20 மைக்ரோமீட்டர் அளவிலான பொடி. ஒவ்வொரு துகளின் உள்ளேயும் லித்தியம் நிறைந்திருக்கிறது. ஆனால் வோல்டேஜைத் தீர்மானிப்பது துகளின் மேற்பரப்பில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்பதுதான். வேகமாக மின்சாரம் இழுத்தால் மேற்பரப்பு வறண்டுவிடும், நடுவில் இருப்பது வெளியே வர நேரம் எடுக்கும். மறுமுனையில் இதற்கு நேர்மாறு: மேற்பரப்பில் லித்தியம் குவிந்து நிற்கும், உள்ளே போக அவகாசம் வேண்டும். தர்மபுரிப் பக்கத்துக் கிணற்றில் மோட்டார் ஓடும்போது மட்டம் சரசரவென்று இறங்கும், நிறுத்தினால் பாறையிடுக்கிலிருந்து ஊறி ஏறும். நிலத்தடி நீர் கூடவில்லை, சமமானது, அவ்வளவுதான். செல்லிலும் நிறுத்தியவுடன் துகளின் நடுவும் விளிம்பும் சமமாகத் தொடங்கும். முதல் சில நிமிடத்தில் பெரும்பங்கு திரும்பும், முழுதாக அடங்கச் சில மணி நேரம் ஆகும்.

ஆக, எண்ணும் வழி மெதுவாக வழுக்கிக்கொண்டே போகும். வோல்டேஜ் வழி ஏற்றத்துக்கு ஏற்றம் துள்ளும். இரண்டையும் சேர்த்து உண்மைக்கு அருகில் வரும் வித்தையை 1960-ல் ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளர் எழுதிவைத்தார். அப்போலோ விண்கலங்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தது கால்மன் வடிகட்டி என்று பெயர் பெற்ற அந்த வித்தையின் உதவியால்தான். அதே கணக்கு இன்று பல பி.எம்.எஸ்.களின் சில்லுகளில் ஓடுகிறது. முதலில் எண்ணிக்கையை வைத்து "இப்போது 21.4 இருக்க வேண்டும்" என்று முன்கூட்டிச் சொல்லும். அந்த 21.4-க்கு இந்த ஆம்பியரில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று கணிக்கும். பிறகு உண்மையான வோல்டேஜை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சதவீதத்தைத் திருத்தும். எவ்வளவு பங்கு என்பதில்தான் அழகு இருக்கிறது. எண்ணிக்கை எவ்வளவு நாளாகத் திருத்தப்படவில்லை, வோல்டேஜ் அளவு எவ்வளவு நம்பகமானது, இந்த இடத்தில் வோல்டேஜ் வளைவு எவ்வளவு செங்குத்து என்ற மூன்றையும் எடைபோட்டு, ஒவ்வொரு அளவீட்டுக்கும் அந்தப் பங்கைப் புதிதாக முடிவு செய்கிறது. தன் கணிப்பு எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் கூடவே கணக்கில் வைத்திருக்கும் கணக்கு இது.

வாசகரின் வண்டியில் நடந்ததை இப்போது படிக்கலாம். ஏற்றம் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உண்மையில் செலவானது 0.2 யூனிட், சுமார் 7 சதவீதம். 22 போய் 15 ஆகியிருக்க வேண்டும். ஆனால் பி.எம்.எஸ். உள்தடையைப் புதிதாகவே, 60 மில்லியோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. அது எதிர்பார்த்தது 3.3 வோல்ட் சரிவு, வந்தது 6. மிச்சமுள்ள 2.7 வோல்ட்டுக்கு அதற்குத் தெரிந்த ஒரே விளக்கம் "சார்ஜ் நாம் நினைத்ததைவிடக் குறைவு" என்பதுதான், ஆகவே 9. நின்றதும் வோல்ட் மீள, 13. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் 14, 15 என்று காட்டியிருக்கும். 13-க்கு ஏறியது கோளாறு இல்லை, கணக்கு தன்னைத் திருத்திக்கொண்டது. கவலைப்பட வேண்டியது 9-க்கு விழுந்ததற்கு. உள்தடை கூடியிருக்கிறது அல்லது ஒரு செல் நலிந்திருக்கிறது என்பதற்கான அறிகுறி அது.

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் பழைய ஐஃபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஒப்புக்கொண்டு உலகமே கொதித்ததே, அதன் வேரும் இதுதான். பழைய பேட்டரியில் உள்தடை கூடி, பிராசஸர் திடீரென்று மின்சாரம் இழுக்கும்போது வோல்ட் சரிந்து, 30, 40 சதவீதம் இருக்கும்போதே ஃபோன் அணைந்துவிடும். அதைத் தடுக்க உச்ச வேகத்தைக் குறைத்தார்கள். பொறியியலாக அது சரியான முடிவு. சொல்லாமல் செய்தது தவறு. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆக்கினார்கள், 2018-ல் பேட்டரி ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கத்தைச் சேர்த்தார்கள், 2020-ல் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

"80 சதவீதத்தோடு நிறுத்து" என்று ஒருவரும் "வாரம் ஒருமுறை 100 போடு" என்று இன்னொருவரும் சொல்வதில் சண்டையே இல்லை, இரண்டும் வேறு வேறு செல்லுக்கான அறிவுரை. ஃபோனிலும் பல ஸ்கூட்டர்களிலும் இருக்கும் கோபால்ட் வகை செல்களுக்கு 4.2 வோல்ட்டில் வெயிலில் கிடப்பது ஆகாது, எனவே 80. இரும்பு பாஸ்பேட் எனும் எல்.எஃப்.பி. செல்லில் வளைவு தட்டையாகக் கிடக்கும். 40 சதவீதத்துக்கும் 70-க்கும் வித்தியாசம் ஒரு செல்லில் 40 மில்லிவோல்ட் அளவுதான். என்.எம்.சி.யில் அதே இடைவெளிக்கு 200-க்கு மேல். போதாக்குறைக்கு, சார்ஜ் ஏற்றி நிறுத்தினால் ஒரு வோல்ட், ஓட்டி நிறுத்தினால் சற்றுக் குறைந்த வோல்ட் என்று ஒரே சதவீதத்துக்கு இரண்டு விடை தரும். நடுப்பகுதியில் வோல்டேஜ் எதையும் சொல்லாததால் பி.எம்.எஸ். எண்ணிக்கையை மட்டுமே நம்பி, குருட்டுப் பயணம் போகும். 100-ஐத் தொடும்போதுதான் வளைவு செங்குத்தாக எழும், அதுவரை சேர்ந்த பிழை அழிந்து கணக்கு சரியாகும். இன்னொரு வேலையும் உச்சியில் நடக்கிறது: முந்திக்கொண்ட செல்களின் மிகுதியைச் சிறு மின்தடைகள் வழியாக வடித்து எல்லாவற்றையும் சமமாக்குவது. வடியும் அளவு 50 மில்லியாம்பியர் என்றால், 1 ஆம்பியர்-மணி முந்திய செல்லைச் சமமாக்க 20 மணி நேரம். அதனால்தான் 100 வந்தவுடன் பிடுங்காமல் இன்னும் சிறிது நேரம் விட்டுவைக்கச் சொல்கிறார்கள். "புதிதில் 8 மணி நேரம் போட்டே ஆக வேண்டும்" என்பது நிக்கல் பேட்டரிக் காலத்து வழக்கம், லித்தியத்துக்கு அது தேவையில்லை.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று லேபிளே சொல்லும். 51.2 வோல்ட் என்றிருந்தால் 3.2 வோல்ட் செல் 16, அது எல்.எஃப்.பி. 51.8 அல்லது 50.4 என்றிருந்தால் 14 செல் என்.எம்.சி.

பேட்டரி உண்மையில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். 10 சதவீதம் வரை ஓட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஒரே மூச்சில் 100 வரை ஏற்றுங்கள். பிளக்கில் செருகும் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, புள்ளிக்குப் பின்னும் எண் காட்டும் ஈபி மீட்டரைப் பாருங்கள். 10-லிருந்து 100 வரை உள்ளே போவது 2.7 யூனிட், சார்ஜரில் நூற்றுக்குப் பத்துப் பதினொன்று சூடாகப் போய்விடும் என்பதால் 3 யூனிட் பேட்டரி புதிதில் சுமார் 3 யூனிட்டே இழுக்கும். 2.4 மட்டும் இழுத்தால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். விளம்பரத்தில் போடும் எண்ணும் பயன்படும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை, ஆகவே புது வண்டி வாங்கிய மாதமே இந்தச் சோதனையைச் செய்து எண்ணைக் குறித்துவையுங்கள். பேட்டரிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

ஓட்டும் முறையிலும் செய்யக்கூடியது உண்டு. 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஏற்றம் வந்தால் வேகத்தை 25 கிலோமீட்டருக்குக் குறைத்தால் 55 ஆம்பியர் 30 ஆகும், வோல்ட் சரிவும் பாதியாகும். நிற்க வேண்டிய வண்டி ஏறிவிடும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு மட்டுமே 3 யூனிட் பேட்டரியில் சுமார் 11 சதவீதம் போகும், திரும்பும்போது முழுதாகக் கிடைக்காது. போகும் கணக்கையும் வரும் கணக்கையும் தனித்தனியாக வையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் கிளம்புகிறவர்களுக்குக் குளிரில் உள்தடை ஒன்றரை மடங்கு வரை கூடலாம்.

இவ்வளவு சுற்றிவளைத்து அளக்க வேண்டியதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். உள்தடை, மீதமுள்ள ஆம்பியர்-மணி, எத்தனை சார்ஜ் சுற்று ஓடியது, உச்ச செல்லுக்கும் நலிந்த செல்லுக்கும் உள்ள வோல்ட் வித்தியாசம் என்ற நான்கையும் பி.எம்.எஸ். கணக்கிட்டு வைத்துக்கொள்ள முடியும், நல்ல பலகைகள் வைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் அது நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது, காசு கொடுத்தவர் கண்ணுக்கு வருவதில்லை. பழைய வண்டி வாங்குகிறவர் பெயின்ட்டையும் டயரையும் பார்த்து விலை பேசுகிறார், வண்டியின் விலையில் பெரும்பங்கு அடங்கிய பேட்டரியைப் பற்றி எதுவும் தெரியாமல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டம், இந்தத் தகவல்களை உரிமையாளர் படிக்க வழிவிட வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022-ல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தபின் பாதுகாப்புத் தரமான ஏ.ஐ.எஸ். 156 கடுமையாக்கப்பட்டது, அதே ஆண்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவும் அமைந்தது. அந்த உரிமையில் பேட்டரித் தகவலும் சேர வேண்டும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்தே இந்தக் கோரிக்கை எழுவது பொருத்தம்.

ஆராய்ச்சிக்கும் இதே குரல் வேண்டும். 2019-ல் லித்தியம் பேட்டரிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பெற்றவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃபின் சார்பில் நோபல் உரையாற்றியவர் மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வகம் இருக்கிறது. நம் ஊர் வெயிலில், நம் ஊர் ஏற்றத்தில், இருவர் ஏறிய ஸ்கூட்டரில் செல் எப்படித் தேய்கிறது என்ற அளவீடுகளை வருடக்கணக்கில் சேர்த்து எல்லோருக்கும் திறந்துவைக்க அதுபோன்ற இடங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பி.எம்.எஸ். 60 மில்லியோம் என்று நினைத்துக்கொண்டிருந்ததே, அந்த எண் வயதோடும் வெப்பத்தோடும் எப்படி மாறுகிறது என்ற அட்டவணை அங்கிருந்துதான் வர முடியும்.

வாசகருக்கு: சர்வீஸ் சென்டரில் வெறுமனே "சார்ஜ் நிற்கவில்லை" என்று சொல்லாதீர்கள். 20 சதவீதத்தில், ஏற்றத்தில், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் எவ்வளவு என்று பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பதினான்கும் ஒன்றாக விழுந்தால் பேட்டரி மூப்படைகிறது. ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் அது குறைபாடு, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிடுங்கள்.