“நாலு நாள்ல ஃப்ளைட், மேடம்!”

“நாலு நாள்ல ஃப்ளைட், மேடம். ஏதாவது ஊசி போடணுமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு இருபத்தாறு வயது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் ஊர் சுற்றக் கிளம்புகிறார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அப்புறம் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், இந்தோனேசியா. கடைசி இரண்டு மாதம் கென்யாவும் உகாண்டாவும். முதுகுப் பை, அதற்கு மழை உறை, பூட்டு, பவர் பேங்க், எந்த ஊரில் எந்த விடுதி என்று ஒரு எக்ஸெல் பட்டியல் என எல்லாம் தயார். எட்டு மாதமாகத் திட்டம் போட்டிருக்கிறார். அதில் உடம்புக்கென்று ஒதுக்கியது என்னோடு பேசிய பத்து நிமிடம்தான். அதுவும் அம்மா சொன்னதால்.

திருச்சியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பொது மருத்துவராக இருக்கிறேன். முன்பெல்லாம் வெளிநாடு போகிறோம் என்று வருகிறவர்கள் வேலைக்கோ, படிப்புக்கோ, மகள் பிரசவத்துக்கோ போகிறவர்களாக இருப்பார்கள். ஒரே ஊரில், ஒரே வீட்டில் தங்குவார்கள். இப்போது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு நாடு சுற்றும் பிள்ளைகள் வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு தண்ணீர், ஒரு கொசு, ஒரு படுக்கை. இவர்கள் போய்வருவது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே ஒரு மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாலு நாளில் எனக்குச் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம்.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு வாக்கியத்தையும் நான் அடிக்கடி கேட்கிறேன்: “நாம இந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க, நமக்கு ஒண்ணும் ஆகாது.” அவருடைய தாத்தா சொல்லியிருந்தால் ஓரளவு ஒத்துக்கொள்வேன். அந்தத் தலைமுறையில் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே ஹெபடைட்டிஸ்-ஏ என்ற மஞ்சள் காமாலை வந்து, தெரியாமலே போயிருக்கும். வாழ்நாள் எதிர்ப்புச் சக்தியும் கிடைத்திருக்கும். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அந்த எதிர்ப்புச் சக்தி இல்லை. பெரியவர்களான பிறகு அந்தக் கிருமி வந்தால் வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடும். ரத்தம் எடுத்துப் பார்த்து, எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம். டைபாய்டு ஊசியும், பத்து ஆண்டு ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும் கூடவே முடிந்துவிடும். இதெல்லாம் சுலபமான பகுதி.

நேரம் பிடிப்பது வெறிநாய்க்கடி ஊசி. இரண்டு ஆண்டுக்கு முன் ஓர் இரவு பத்து மணிக்கு எனக்குத் தெரிந்த ஓர் அம்மா போன் செய்தார். மகள் இந்தோனேசியாவில் இருக்கிறாள், குரங்கு பிறாண்டிவிட்டதாம், போட்டோ அனுப்பியிருக்கிறாள், பாருங்கள் டாக்டரம்மா என்றார். தோளுக்குக் கீழே இரண்டு மெல்லிய கோடுகள், ஒன்றில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. பாலியில் உபுத் குரங்குக் காட்டில் தோளில் ஏறியிருக்கிறது. யாரோ மருந்து தடவிவிட்டிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே படம் எடுத்துவிட்டு, மறுநாள் படகேறி ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டாள். நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

பாலியில் 2008 முதல் வெறிநோய் இருக்கிறது. பெரும்பாலும் நாய் வழியாகத்தான் என்றாலும், குரங்குப் பிறாண்டலையும் நாங்கள் நாய்க்கடி போலவே நடத்துவோம். நோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை, அதனால் ‘பார்க்கலாம்’ என்று காத்திருக்க முடியாது. உடனே பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். தடுப்பூசியும், ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. அந்தத் தீவில் இரண்டும் இல்லை. திரும்பப் படகு பிடித்து பாலியின் தலைநகர் டென்பசார் வந்து, இம்யூனோகுளோபுலினுக்காக ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கி, கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைச் செலவழித்து, மீதித் தவணைகளுக்காகப் பயணத்தையே மாற்றிப் போட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த வாரம் அந்த அம்மா தூங்கவில்லை. எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை.

முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்கிறேன். நம் ஊரில் முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 7, 21-ஆம் நாட்களில் மூன்று டோஸ் போடுகிறோம். கடைசி டோஸ் 28-ஆம் நாள்கூட இருக்கலாம். ஒரு டோஸ் சில நூறு ரூபாய்தான். அப்படிப் போட்டவரை ஏதாவது கடித்தால், கழுவிவிட்டு அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று இரண்டு ஊசி போதும். கிடைக்காமல் அலைய வைக்கிற அந்த இம்யூனோகுளோபுலின் வேண்டியதே இல்லை.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல். “அது சின்ன வயசுலேயே போட்டாச்சே, மேடம்” என்பார்கள். அவர்கள் நினைப்பது மஞ்சள் காமாலைக்கான ஊசி. இது வேறு நோய். ஆப்பிரிக்காவின் ஒரு பகுதியிலும் தென் அமெரிக்காவிலும் கொசு வழியாகப் பரவுவது. இந்தியாவில் இந்த நோய் இல்லை, பரப்பக்கூடிய கொசு மட்டும் ஏராளமாக இருக்கிறது. அதனால்தான் நம் அரசு இவ்வளவு கறார். கென்யா, உகாண்டா மாதிரி நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். இந்த ஊசியை என் மாதிரி மருத்துவர்கள் போட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டு போக வேண்டும். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது. முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுத்தாலோ அங்கே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் போகிற நிலை நமக்கு இன்னும் இல்லை, தடுப்பு மாத்திரைதான். நம் ஊரில் பார்த்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபேரம், சில நாட்களில் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, தினம் ஒன்று, வெளியேறிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த நான்கு வாரத்தை இரண்டு தடவை சொல்லி, சீட்டில் எழுதி அடிக்கோடும் போடுவேன்.

இனி மருந்துப் பை. அதைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டச் சொல்வது என் வழக்கம். இந்தத் தம்பியின் ஜிப் கவரில் அட்டையிலிருந்து வெட்டிய துண்டுகள் பதினான்கு இருந்தன. நம் மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள் அல்லவா, அந்தத் துண்டுகள். ஒன்றில் பெயரின் கடைசி மூன்று எழுத்து, இன்னொன்றில் விலை மட்டும். எது காய்ச்சலுக்கு, எது வயிற்றுக்கு என்று அவருக்கே தெரியவில்லை. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கேட்டால் என்ன சொல்வார்? முழு அட்டையாக வாங்குங்கள். மருத்துவரிடம் வேதிப்பெயரோடு ஆங்கிலத்தில் சீட்டு வாங்கி மருந்தோடு வையுங்கள். இங்கே பாராசிட்டமால் என்பது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசெட்டமினோஃபென். இங்கே ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் அமெரிக்காவில் அல்பியூட்டரால். பிராண்ட் பெயர் எல்லை தாண்டினால் உதவாது.

சில மருந்துகளை எடுத்துப் போவதே ஆபத்து. டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கு எடுக்கும் அல்பிரசோலாம் இவையெல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, முன் அனுமதி வேண்டும். ஜப்பானில் சூடோஎபெட்ரின் அதிகம் கலந்த சளி மாத்திரைக்கே தடை. போகிற நாட்டின் சுகாதாரத் துறை இணையதளத்தை ஒவ்வொரு மருந்துக்கும் பார்த்துவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம். மனநல மருந்து எடுப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: “வெளிநாடு போனா மனசு தெளிஞ்சிடும்” என்று நினைத்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் எல்லாம் புதிதாக, அழகாக இருக்கும். நான் பார்த்த வரையில் தனிமை மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் வந்து உட்காருகிறது. அந்த நேரத்தில் மருந்தும் இல்லாமல் இருக்கக் கூடாது.

பெண்கள் தனியாகப் போகும்போது அதிகம் கேட்பது மாதவிடாய் தள்ளிப்போடும் மாத்திரை. ஒரு மலையேற்ற வாரத்துக்குச் சரி, மாதக்கணக்கில் வேண்டாம். அதைவிட அடிக்கடி நான் பார்ப்பது சிறுநீர்த் தொற்று. நீண்ட பேருந்துப் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவதால்தான். குடியுங்கள், வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே டெங்கு வந்தவர்கள் இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் தீவிரமாகிற வாய்ப்பு கூடுதல். தென்கிழக்கு ஆசியா முழுக்க டெங்கு உண்டு, அதைப் பரப்பும் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். கொசு விரட்டி வாங்கும்போது ‘டீட்’ என்ற ரசாயனம் 20 முதல் 30 சதவீதம் இருக்கிறதா பாருங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள்.

மது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்ததை நாம் மறக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில், முதுகுப் பையோடு திரியும் இளைஞர்கள் கூடும் ஊரில், ஆறு வெளிநாட்டுப் பயணிகள் அதே மெத்தனாலால் இறந்தார்கள். வாசனையிலும் ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது. குடிக்கிறவர்கள் இலவசமாக ஊற்றித் தருவதையும் திறந்த பாட்டிலிலிருந்து வருவதையும் தொடாதீர்கள். மறுநாள் கண் மங்கலாகத் தெரிந்தால் அதைப் போதை இறங்காதது என்று நினைத்துப் படுத்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊர் திரும்பியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தழும்பு வலது கால் ஆடுசதையில், சைலன்சர் பட்டு வெந்த காயம். வாடகை ஸ்கூட்டர்தான் உண்மையான ஆபத்து, பாம்பும் புலியும் இல்லை. நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியான பெர்மிட்டை. அதாவது அங்கே நம் பெர்மிட்டோடு ஓட்டி விழுந்தால், உரிமம் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லிக் காப்பீட்டை மறுக்க வழி இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது இருசக்கர வாகனம், எத்தனை மீட்டர் உயரம் வரை மலையேற்றம், ஊருக்குத் தூக்கிவரும் செலவு, இந்த மூன்று இடங்களையும் வரி வரியாகப் படியுங்கள். ஆஸ்துமாவோ, ரத்தக் கொதிப்போ இருந்தால் மறைக்காதீர்கள்.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம். திருச்சி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை, கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர்தான். பெருவில் லிமாவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,400 மீட்டர் உயர குஸ்கோவில் இறக்கிவிடுவார்கள். ஜிம்முக்குப் போகும் உடம்புக்கும் இது பொருந்தும்: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இறங்கிவிட வேண்டும், இரவானாலும்.

கடைசியாக, பையைப் பத்து கிலோவுக்குள் கட்டி, புது ஷூவைப் போட்டு, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை நடந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். எது வேண்டாத சாமான், எங்கே கால் கொப்புளிக்கிறது என்று பாதி வழியில் தெரிந்துவிடும். கிளம்பும் முன் பல் டாக்டரிடம் பல்லையும் காட்டிவிடுங்கள்.

அந்தத் தம்பி அன்று என் முன்னாலேயே போனை எடுத்து டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப் போட்டார். பணம் கொஞ்சம் போயிற்று. வெறிநோய் ஊசி மூன்றும் முடிந்தன, கிண்டிக்குப் போய் வந்தார், மாத்திரைகளை முழு அட்டையாக வாங்கிக்கொண்டார். கிளம்பி ஆறரை மாதம் கழித்து, குளிர் நடுக்கத்தோடு அம்மாவின் தோளைப் பிடித்தபடி வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, “உகாண்டாவிலிருந்து வந்து பதினொரு நாள் ஆச்சு, மேடம்” என்றார். அதைக் கேட்டதால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் பார்த்தோம். ஃபால்சிபேரம். அன்று மாலையே மருந்து தொடங்கியதால் நான்காம் நாள் இட்லி சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போகும் அன்று மருந்துப் பையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் டாக்ஸிசைக்ளின் இருபத்தேழு மீதி இருந்தது. ஊருக்கு வந்த மறுநாளே நிறுத்திவிட்டாராம்.