காற்று வரும் பக்கம் முதல் முளை

சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, அபிஸ்கோவிலிருந்து நிக்காலுவோக்டா வரை ஏறத்தாழ 105 கிலோமீட்டர் மலைவழியில் நடைக்குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். இதன் பெரும்பகுதி குங்ஸ்லேடன் என்ற புகழ்பெற்ற நெடும்பாதையின் வடபகுதி. வருகிறவர்கள் காலணியை மாதக்கணக்கில் போட்டுப் பழகியிருக்கிறார்கள், முதுகுப்பையின் எடையைக் கிராம் கணக்கில் குறைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் புதிய கூடாரத்தை முதல் நாள் மாலையில்தான், களைத்த கைகளோடு, உறையிலிருந்து முதன்முதலாக வெளியே எடுக்கிறார்கள். இதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கவலை ஏற்படுகிறது.

பலநாள் நடைக்கு இங்கே பெரிதும் விரும்பப்படுவது டனல் டென்ட். கூண்டு வண்டியின் வளைவுகளை நினைத்துக்கொண்டால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும்: ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று வளைகம்பிகள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி. எடைக்கு நிறைய இடம் கிடைக்கிறது. உட்துணி வெளித்துணியோடு இணைந்தே எழும் வகைகளில், கொட்டும் மழையில் அடித்தாலும் படுக்கும் இடம் நனைவதில்லை. ஆனால் குவிமாடக் கூடாரத்தைப் போல இது தன் கம்பிகளின் பலத்தில் தானே நிற்காது. இரு முனைகளிலும் தரையில் முளை இறங்கி, நீளவாக்கில் துணி விறைத்தால்தான் அது கூடாரம். அதுவரை அது காற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு கப்பற்பாய்.

ஓர் ஆகஸ்டு மாலையில், அலெஸ்யாவ்ரே குடிலைத் தாண்டி செக்ட்யா கணவாயை நோக்கிய பள்ளத்தாக்கில், குழுவிலிருந்த ஓர் இளம் தம்பதி கூடாரத்தைத் தரையில் விரித்து, முளை எதுவும் அடிக்காமல், நேரே கம்பியை நுழைக்கத் தொடங்கினார்கள். “அண்ணா, கம்பி உள்ளேயே மாட்டிக்கிச்சு” என்று அந்தப் பெண் குரல் கொடுத்தபோது நான் முப்பது அடி தள்ளி இருந்தேன். துணிக்குழாய்க்குள் சிக்கிய கம்பியை அவர் கணவர் பின்னோக்கி இழுக்க, எலாஸ்டிக் கயிற்றில் கோத்திருந்த துண்டுகள் உள்ளேயே பிரிந்துவிட்டன. அவற்றைத் தடவிப் பொருத்திக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் காற்று துணியின் அடியில் புகுந்து, பாதி வளைந்திருந்த கம்பியோடு அதைத் தூக்கியது. நான்கு பேர் மேலே விழுந்து அழுத்திப் பிடித்தோம். கம்பியின் ஒரு துண்டு பொருத்துமிடத்தில் நீளவாக்கில் பிளந்து, அதன் கூர்விளிம்பு துணிக்குழாயில் விரற்கடை நீளம் கிழித்திருந்தது. கம்பியைவிடச் சற்றே அகலமான சிறு அலுமினியக் குழாய் ஒன்றைப் பிளவின் மேல் செருகி, இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, மீதி நடையை முடித்தோம். அந்தக் குழாய் பெரும்பாலான கூடாரங்களோடு வருகிறது. பலர் அது எதற்கென்று தெரியாமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் நின்று பாருங்கள். கூடாரத்தின் தாழ்ந்த முனை காற்றை நோக்கியும், வாசல் அதற்கு எதிர்ப்புறமும் அமைய வேண்டும். காற்று பக்கவாட்டில் அறைந்தால் டனல் டென்ட் வளைந்து நெளியும். துணியை முழுதாக விரிப்பதற்கு முன்பே காற்று வரும் முனையில் முளைகளை அடித்துவிடுங்கள். பின் கம்பிகளை நுழையுங்கள்: எப்போதும் தள்ள வேண்டும், ஒருபோதும் இழுக்கக் கூடாது. மறுமுனையைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கும்போது வளைவுகள் தாமாகவே எழுந்து நிற்கும். அங்கே முளையடித்த பிறகு, காற்று வரும் பக்கத்துக் கயிறுகளிலிருந்து தொடங்கி எல்லாக் கயிறுகளையும் கட்டுங்கள். மாலை அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் கயிறுகளைச் சுருட்டியே விட்டுவிடுவதை நான் அனுமதிப்பதில்லை, ஏனெனில் இந்த மலைகளில் காற்று இரவில் திசை மாறுவது சாதாரணம்.

முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கட்டும். மண் மெல்லியதாகவும் அடியில் கல்லாகவும் இருக்கும் இடத்தில் முளை அரையளவே இறங்கும். அப்போது அதன் மேல் கனமான கல்லை வையுங்கள். கயிற்றை நேரே கூரான கல்லில் சுற்றினால் இரவெல்லாம் உராய்ந்து அறுந்துவிடும். நைலான் துணி நனைந்தால் தளரும் என்பதால், படுக்கப்போகும் முன் ஒருமுறை சுற்றிவந்து கயிறுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

இடத்தேர்வு பற்றி ஒன்று மட்டும். செக்ட்யா கணவாய் 1,150 மீட்டர் உயரம், குங்ஸ்லேடனின் மிக உயர்ந்த இடம். காட்சியின் அழகுக்காக அதன் உச்சியில் கூடாரம் அடிக்க விரும்புகிறவர்களை நான் கீழே இறக்கிவிடுவேன். இதே மலைத்தொடரில், கெப்னேகைசே மலையின் அருகேயுள்ள தர்ஃபாலா ஆய்வு நிலையத்தில் 1992 டிசம்பரில் விநாடிக்கு 81 மீட்டர் வேகத்தில் காற்று பதிவாகியிருக்கிறது. கோடையில் அத்தகைய காற்று வராது என்றாலும், கணவாய்கள் எக்காலத்திலும் காற்றைக் குவித்து அனுப்பும் வாய்கள்தாம்.

மழைக்கு அஞ்சி வாசல்களை முழுதும் மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது எழுந்து வாசலைத் திறக்கும் தெளிவே சிலருக்கு இருக்காது. வெளியே சமைக்க முடியாத வானிலையில் குளிர்ந்த உணவே போதும் என்று என் குழுவினரிடம் உறுதியாகச் சொல்கிறேன்.

பயணத்துக்கு முன் வீட்டருகேயுள்ள திடலில் குறைந்தது மூன்று முறை அடித்துப் பாருங்கள்: ஒருமுறை காற்றடிக்கும் நாளில், ஒருமுறை கையுறை அணிந்து, ஒருமுறை துணையின்றித் தனியாக. பிரிக்கவும் பழகுங்கள். காற்று வரும் பக்கத்து முளைகளைக் கடைசிவரை விட்டுவைத்து, கம்பிகளைத் தள்ளியே வெளியே எடுத்து, எலாஸ்டிக் கயிறு இருபுறமும் சமமாக இழுபடும்படி நடுவிலிருந்து மடியுங்கள். முளைகளை எண்ணிப் பையில் போட்ட பிறகே அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். புல்லில் ஒன்று தவறிவிட்டால் மலையில் வேறொன்று எளிதில் கிடைக்காது.